பதினோரு விநாடி அழுகை

ஏழு வயதில் நான் அழுத ஒரு அழுகைக்கு ஊருக்கு நடுவில் நாலு மாடி அலுவலகம் இருக்கிறது. வாசலில் காவலாளி, உள்ளே வருகைப் பதிவேடு, மூன்றாவது மாடியில் ஒழுகுகிற குழாய், எல்லாம் முறைப்படி. பொற்காலச் சித்திரப்படக் கழகம் என்று பெயர். அங்கே போய் "கார்ட்டூன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தது. வெளியே போய்ச் செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி, மறுபடி உள்ளே வர வேண்டும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் ஓட்டுகிற காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காலம் போய்விட்டது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். என் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கிற பெயரும் அதுதான், ரெண்டாம் பிரேக். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். எனக்கு இதைவிட மோசமான பெயர் ஒன்று ஏற்கெனவே உண்டு.

கழுதைக்குட்டிப் படத்தைப் பார்க்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. கையால் வரைந்த பழைய படம். ஆற்றில் வெள்ளம் வரும், தாய்க் கழுதையைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், குட்டி மட்டும் கரையில் நின்று "அம்மா, என்னை விட்டுட்டுப் போகாதம்மா" என்று அழும். பதினோரு விநாடி. தியேட்டரில் அப்பாக்கள் எல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள். இன்றைக்கும் நாலு பேர் புதுப் படம் ஒன்றைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு நரைத்த தலை வந்து, "என்ன இருந்தாலும் அந்தக் கழுதைக்குட்டி அழுத மாதிரி வருமா? இப்ப எல்லாம் கம்ப்யூட்டர், ஜீவனே இல்லை" என்று ஆரம்பித்துவிடும். அந்தக் கழுதைக்குட்டியின் குரல் நான்தான். என் காரில் உட்கார்ந்துகொண்டு யாராவது இதைச் சொன்னால் ஓங்கி ஒரு பிரேக் போடுவேன். கேட்டால் நாய் குறுக்கே வந்தது என்பேன்.

அந்த அழுகை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா அப்போது அந்த ஸ்டுடியோவில் டைப்பிஸ்ட். குழந்தைக் குரல் வேண்டும் என்று கேட்டார்கள், கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி வைத்த சின்ன ஒலிப்பதிவு அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. காதில் பெரிய ஹெட்போன், தலையைவிடப் பெரியது. "அழு" என்றார் இயக்குநர். அழுதேன். போதாது என்றார். இன்னும் அழுதேன். நாலு தரம் அழுதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம், "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடிக்குத் திரை போட்டார். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான், அவரே சொல்லி அப்படிச் செய்யவைத்ததாம். பிறகு வெளியே ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினார், ஹெட்போனில் அவர் குரல் வந்தது. மெதுவாக, அன்பாகத்தான் பேசினார். "உங்க அம்மா போயிட்டாங்க. உன்னைப் பிடிக்கலையாம். இனிமே வரமாட்டாங்களாம்."

நாற்பது நிமிஷம் அழுதேன். அதில் நன்றாக இருந்த பதினோரு விநாடியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கதவைத் திறந்து இயக்குநர் ஒரு மிட்டாயை நீட்டினார். பச்சைத் தாள் சுற்றிய புதினா மிட்டாய். கன்னத்தைத் தட்டி, "நல்லா பண்ணே" என்றார். பத்து வயது வரைக்கும் அம்மா குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அந்த ஆள்மேல் நாற்பது வருஷமாகக் கோபம். ஆறிப்போன கோபம் இல்லை, அன்றன்றைக்குப் பால் மாதிரி புதிதாக வருகிற கோபம். அம்மாவிடம் இதை நான் சொன்னதே இல்லை. மகள் பிரமாதமாக நடித்துவிட்டாள் என்றுதான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இயக்குநர்தான் கழகத்தின் நிறுவனத் தலைவர்.

இதெல்லாம் நான் பேசாமல் விட்டிருப்பேன். ஆனால் என்னிடம் கார் கற்றுக்கொள்ள ஒருவர் வந்தார். மூன்று தரம் லைசென்ஸ் பரீட்சையில் தோற்றவர். எங்கே வேலை என்று கேட்டேன். கழகத்தில் பெருமூச்சு அலுவலர் என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன், அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார்.

வேலை இதுதான். புதிதாக வருகிற குழந்தைப் படம் ஒவ்வொன்றையும் முதல் நாளே போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது விட்ட பெருமூச்சுகளைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுத வேண்டும். ஒரு படத்துக்குக் குறைந்தது பதினாறு. அதைத் தொகுத்து, வருஷக் கடைசியில் "நவீனச் சித்திரப்படங்களின் வீழ்ச்சி" என்று கழகம் அறிக்கை வெளியிடும். போன வருஷம் ஒரு படத்தில், பறக்கப் பயப்படுகிற வௌவால் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடம் படிக்கிற இடத்தில் பெருமூச்சு, நான் அவருக்கு வைத்த பெயர் அது, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின் வரிசையில் செயலர் இருந்திருக்கிறார். மெமோ வந்தது. "அது சிரிப்பு இல்லை, இருமல்" என்று விளக்கம் எழுதிக் கொடுத்துத் தப்பித்தார்.

"நல்ல படமா?" என்று கேட்டேன்.

"கடைசில அழுதுட்டேன் மேடம்," என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கியரை மாத்தட்டுமா?"

அவர்தான் ஒரு நாள் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே அந்தச் செய்தியைச் சொன்னார். கழகத்தில் தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் கண்ணை மூடி நிற்பார்கள். அந்தப் பதினோரு விநாடி அழுகை மூல ஒலிநாடாவிலிருந்து ஒலிக்கும். பிறகுதான் வேலை. பிரதி எடுப்பது நவீனம் என்பதால் பிரதி எடுக்கக் கூடாது என்பது விதி. நாற்பது வருஷம் ஒரே இடத்தைப் போட்டுப் போட்டு நாடா தேய்ந்துவிட்டது. இப்போது அழுகை வருகிற இடத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம்தான் வருகிறதாம். ஒரு வருஷமாக உஸ் சத்தத்துக்குத்தான் கண்ணை மூடி நின்றுகொண்டிருக்கிறார்கள்.

"என் போன்லயே அந்தப் படம் இருக்கே," என்றேன்.

"அது பிரதி மேடம். கழகம் பிரதியை அங்கீகரிக்கிறது இல்லை." பிறகு தயங்கி, "அதனால புதுசா ஒரு குழந்தையை அழவெச்சு, புது நாடால பதியப் போறாங்க. முப்பது குழந்தைங்க. உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல்லேர்ந்துதான். நாலாம் வகுப்பு முழுக்க."

என் மகள் நாலாம் வகுப்பு. பிரேக் போட்டேன். இந்தத் தடவை நாயும் இல்லை, காரணமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனால் மகள் தாளை நீட்டுகிறாள். கலைநிகழ்ச்சியாம், பள்ளி அனுமதி கொடுத்துவிட்டதாம், பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். "எல்லாரும் போறாங்கம்மா. அழுது காட்டணுமாம். எனக்கு அழவே வரலை, தினம் கண்ணாடி முன்னாடி பழகுறேன்," என்றாள். கையெழுத்துப் போடாமல் இவளை நிறுத்திவிடலாம். மற்ற இருபத்தொன்பது பிள்ளைகள்? அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் என்று அவர்கள் பெற்றவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

மறுநாள் கழகத்துக்குப் போனேன். வாசலில் "முதல் கண்ணீர்ப் படிவம்" கொடுத்தார்கள். முதன்முதலில் எந்தக் காட்சியில் அழுதீர்கள், எந்தக் கண்ணில் முதலில் நீர் வந்தது, அப்போது பக்கத்தில் யார். பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். காவலாளி அதைப் படித்துவிட்டுப் பரவசமாகத் தலையாட்டினார்.

செயலர் எழுந்து நின்று வரவேற்றார். "கழுதைக்குட்டியே நேரில் வந்திருப்பது கழகத்தின் பாக்கியம். உங்களைப் போல ஒரு கழுதை இனிப் பிறக்கப் போவதில்லை," என்றார். மனமார்ந்துதான் சொன்னார். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கழகத்தின் விதிகள் இருந்தன. தலைவர் ஆயுள் முழுக்கக் காலை வணக்கத்தில் முன்வரிசையில் நின்றாக வேண்டும். ஒன்பது மதிப்பெண்ணைத் தாண்டுகிற முதல் அழுகையோடு தேர்வு முடிந்துவிடும். மதிப்பீட்டுக் குழுவின் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. விதிகளைத் திருத்தக் கூடாது, திருத்தம் நவீனம். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தேன். விதிமுறைகளைப் படிக்கிறது என் தொழில்.

தலைவர் அறையில் பெரிய நாற்காலி, அதில் தலைவர். எழுபத்தெட்டு வயதுக்கு நல்ல திடகாத்திரம். குரல் அப்படியே இருந்தது, மெதுவாக, அன்பாக.

"நம்ம கழுதைக்குட்டியா? உட்காரும்மா, உட்காரு. இப்ப வர்ற படமெல்லாம் பாக்குறியா? சகிக்க முடியலை. ஏன்னு யோசிச்சிருக்கியா? நான் சொல்றேன். இந்தக் காலத்துல குரல் கொடுக்குற குழந்தைக்குப் பக்கத்துல அம்மா உட்கார்ந்திருக்கா. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பிஸ்கட், ஜூஸ். ஒரு ஆள் வந்து 'களைப்பா இருக்கா கண்ணு'ன்னு கேக்குறான். சந்தோஷமா இருக்குற குழந்தைகிட்டேர்ந்து கலை எப்படிம்மா வரும்? எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது. ஒரு கதவைச் சாத்தினோம், ஒரு காவியம் கிடைச்சுது."

"இந்த முப்பது குழந்தைங்களையும் எப்படி அழவைப்பீங்க ஐயா?"

"பாரம்பரிய முறைதான். அதை மாத்த எனக்கு உரிமை இல்லையே."

"அன்னைக்கு எங்கிட்ட நீங்க சொன்னது பொய் ஐயா. அம்மா எங்கயும் போகலை. நாற்பது நிமிஷம் நான் அதை நம்பினேன்."

அவர் சிரித்தார். வருத்தப்படுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கத்தான் சொன்னேன், சத்தியமாக. ஒரு வார்த்தை, தப்புதான்மா என்று சொல்லியிருந்தால் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய், மற்றவர்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன், அவரை விட்டிருப்பேன். அவர் சொன்னது இது: "அதுக்குப் பேரு பொய் இல்லம்மா. நெறியாள்கை."

அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். முகத்தில் ஒரு பக்தியை வரவழைத்துக்கொண்டேன். "ஐயா, அன்னைக்கு நீங்க உட்கார்ந்த இடத்துல, அந்தப் பட்டனுக்குப் பக்கத்துல, ஒரு நாள் நான் உட்காரணும். வேற ஒண்ணும் வேண்டாம்." நெகிழ்ந்துபோனார். உடனே செயலரைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். "குழந்தைங்க உள்ள போறதுக்கு முன்னாடி அதே அறையில, அதே மைக்குல நீங்க நாலு வார்த்தை பேசி ஆரம்பிச்சு வெச்சா நல்லா இருக்கும்." மைக் என்றால் அவர் எப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்?

அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றுவிட்டது.

"நான் கதவுக்கு வெளியிலதான்டி நின்னேன்," என்றாள். "டீ குடிக்கக்கூடப் போகலை. நீ என்ன பண்றியோன்னு அங்கயே நின்னேன். ஒரு சத்தமும் கேக்கலை."

"கேக்காதும்மா. அப்படித்தான் அறையைக் கட்டியிருந்தாங்க."

அம்மா அழுதாள், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஆள் இன்னும் உசிரோட இருக்கானா?" என்று கேட்டாள்.

"திடகாத்திரமா இருக்கார்."

"நல்லது," என்று சொல்லிவிட்டு மறுபடி பீன்ஸை எடுத்தாள். "விழாவுக்கு நானும் வரேன்."

மிச்சம் இருந்தது பெருமூச்சு. ஒலிப்பதிவு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கழகத்தில் அவர்தான். ரிவர்ஸ் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். திட்டத்தைச் சொன்னதும் வண்டி நடைபாதையில் ஏறி நின்றது.

"வேலை போயிடும் மேடம்."

"எந்த வேலை? வருஷத்துக்கு நாப்பது படம் பாத்து நல்லா இல்லைன்னு பொய் எழுதுறதா? சிரிச்சதுக்கு மெமோ வாங்கின ஆள் நீங்க. அந்த அறைக்குள்ள முப்பது பிள்ளைங்க போய் முப்பது தடவை 'உங்க அம்மா வரமாட்டாங்க'ன்னு கேக்கப் போகுது. பட்டனை அமுக்கப் போறது நீங்க. அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்குவீங்களா?"

வண்டியை நடைபாதையிலிருந்து இறக்கிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். பதிவேட்டில் எழுதாத முதல் பெருமூச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

விழா கழகத்தின் தரைத்தள அரங்கத்தில். முந்நூறு பேர். மேடையில் அந்தப் பழைய ஒலிப்பதிவு அறையையே பிடுங்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார்கள், கண்ணாடி, திரை, தாழ்ப்பாள் உட்பட. முப்பது பிள்ளைகளும் வெள்ளை உடையில் முதல் வரிசையில். என் மகள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள், பக்கத்தில் அம்மா. மேடைக்குக் கீழே மதிப்பீட்டுக் குழு, ஐந்து பேர். குழந்தையின் முகத்தைப் பார்த்து மனம் இளகி மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்று கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டியிருந்தார்கள். யார் உள்ளே போகிறார்கள் என்று யாரும் அறிவிக்கவும் கூடாது. குழுத் தலைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, அழுகையில் நாற்பது வருஷ அனுபவம் உள்ளவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். "பதிவின்போது சத்தம் எழுப்புவோருக்கு மூன்று ஆண்டுகள் நினைவுகூரத் தடை" என்று சுவரில் எழுதியிருந்தது.

செயலர் பேசினார். "நம்முடைய காலத்துப் படங்களில் கண்ணீர் இருந்தது. இன்றைய குழந்தைகள் சிரிக்கிறார்கள். இந்த அவலத்தை மாற்றவே இன்று இந்தக் குழந்தைகளை இங்கே அழைத்து வந்திருக்கிறோம்." கைதட்டல் பலமாக இருந்தது. பெற்றவர்களும் தட்டினார்கள்.

தலைவர் எழுந்து சபைக்குக் கும்பிடு போட்டுவிட்டு அறைக்குள் போனார். நான் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். மரபுப்படி திரையை இழுத்துவிட்டு, வெளியே பட்டனுக்குப் பக்கத்தில் பெருமூச்சோடு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். உள்ளே அவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கை விரலால் தட்டி, பொற்காலத்தைப் பற்றி ஆரம்பித்தார். பெருமூச்சு மைக்கை அரங்கத்துக்குத் திறக்கவில்லை, அதனால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நாலு நிமிஷம் பேசவிட்டேன். பிறகு பட்டனை அமுக்கினேன். என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மெதுவாக, அன்பாகத்தான் வந்தது.

"ஐயா, எல்லாரும் போயிட்டாங்க."

"என்ன?"

"பக்கத்துத் தியேட்டர்ல புதுப் படம் இன்னைக்கு. வௌவால் படத்தோட ரெண்டாம் பாகம். குழந்தைங்க எழுந்து ஓடிடுச்சுங்க. பெத்தவங்களும் பின்னாடியே போயிட்டாங்க."

"விளையாடாதம்மா."

பெருமூச்சைப் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோப்பைப் பார்த்துப் படிக்கிற குரலில் சொன்னார். "தலைவர் அவர்களுக்கு. அரங்கம் காலி ஐயா. செயலரும் போயிட்டார்."

"செயலருமா?"

பெருமூச்சு இருபது வருஷத்தில் ஒருதரம்கூடச் சொந்தமாகப் பேசியதில்லை. அதனால் தலைவர் அதை நம்பினார். கதவுப் பக்கம் போய்த் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம்.

"உங்க படம் பிடிக்கலையாம் ஐயா," என்றேன். "இனிமே வரமாட்டாங்களாம்."

ஹெட்போனில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு விம்மல். நான் விரலை உயர்த்தினேன். பெருமூச்சு மைக்கைத் திறந்து, புது நாடாவை ஓடவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. செயலர் மணி அடித்தார். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கம் முழுக்க அந்த அழுகை கேட்டது.

"போகாதீங்க... என்னை விட்டுட்டுப் போகாதீங்க... நான் இங்கதான் இருக்கேன்..."

குரல் மெலிந்து, கீச்சென்று, உடைந்து வந்தது. அழும்போது எல்லோருக்கும் ஏழு வயதுதான் போலிருக்கிறது. பார்வையாளர்களுக்கு உள்ளே போனது யார் என்று தெரியும், ஆனால் மூன்று வருஷத் தடைக்குப் பயந்து ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அம்மா மட்டும் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு விநாடி. பன்னிரண்டாவது விநாடியில் எனக்கே பாவமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாடாவை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரையைத் திறந்தேன். என் திரையை நாற்பது நிமிஷம் யாரும் திறக்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூக்கு ஒழுகியபடி. எதிரே முந்நூறு பேர். கண்ணைக் கட்டியிருந்த குழுத் தலைவி தழுதழுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அரங்கத்துச் சத்தம் உள்ளே கேட்கும்படி பெருமூச்சு ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"இது ஐந்து வயதுக் குழந்தை," என்றார் குழுத் தலைவி. "மிஞ்சினால் ஆறு. சூது வாது தெரியாத பிஞ்சு. நவீன காலத்தின் கலப்படம் துளியும் இல்லை. கதவைத் தட்டுகிற ஓசைகூட எவ்வளவு இயல்பு. இந்தக் குழந்தையைப் பெற்ற தாய் பாக்கியசாலி. பத்துக்கு ஒன்பதே முக்கால்." மற்ற நால்வரும் கட்டிய கண்ணோடு கைதட்டினார்கள். முப்பது பிள்ளைகளும் என்ன ஏதென்று தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள்.

செயலர் கையில் முத்திரை. தலைவரைப் பார்த்தார், குழுவைப் பார்த்தார், விதிப்புத்தகத்தைப் பார்த்தார். நான் கதவைத் திறந்ததும் தலைவர் கத்தினார். "இது செல்லாது. ரத்து பண்ணு."

"ஐயா, குழுவின் முடிவே இறுதி. மேல்முறையீடு இல்லை. நீங்கள் எழுதிய விதி," என்று செயலர் கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொல்லிவிட்டு, முத்திரையைக் குத்தினார். ஒன்பதைத் தாண்டிவிட்டதால் தேர்வு முடிந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார்கள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். கண் இன்னும் காயவில்லை. "எங்கிட்ட ஏம்மா பொய் சொன்னே?"

"பொய் இல்லைங்க ஐயா. நெறியாள்கை."

கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பச்சைத் தாள் சுற்றிய புதினா மிட்டாய், நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது. கன்னத்தையும் லேசாகத் தட்டிக்கொடுத்தேன். "நல்லா பண்ணீங்க," என்றேன்.

அப்படியே முப்பது பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்களைப் பெற்றவர்கள் பக்கத்துத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கள் வீட்டு மூவரும் அதில் உண்டு. வௌவால் படம் உண்மையிலேயே அன்றைக்குத்தான் வந்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் என் மகள் அழுதாள், கண்ணாடி முன்னால் பழகாமலே. ஒரு கையால் என் கையையும் மறு கையால் அம்மா கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பெருமூச்சு எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் வேலை போகவில்லை. முதல்தர அழுகை ஒன்றைப் பதிவு செய்ததற்காகப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள், விதிப்படி கொடுத்தாக வேண்டுமாம். லைசென்ஸும் நாலாவது தடவையில் கிடைத்துவிட்டது.

கழகத்தில் இன்றைக்கும் காலை பத்து மணிக்கு எல்லோரும் கூடி நிற்கிறார்கள். தலைவர் முன்வரிசையில், கண்ணை மூடிக்கொண்டு. அவர் அழுகை அவருக்கே ஒலிக்கிறது. பதினோரு விநாடி. வரமாட்டேன் என்று சொல்ல முடியாது, நிறுத்து என்று சொல்ல முடியாது, திருத்தம் நவீனம்.

பழைய நாடா தேய நாற்பது வருஷம் ஆனது. இது புது நாடா.